கை சோர்வது ஏன்? களைப்பு வேறு, சோம்பல் வேறு



காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால், முதல் இரண்டு மணித்தியாலம் கை பறக்கிறது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் மந்தம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஓடுகிறது. பின்னேரம் மூன்று மணியானால் "கை உளையுது, தோள்பட்டை கடுக்குது, விரல் சொன்னபடி கேக்கல" என்று சொல்லாதவர்கள் நம்மிடையே யார் இருக்கிறார்கள்? கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கும் இதே கதைதான்.

இதைப் பற்றி நாம் நினைத்திருப்பது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, "சோம்பேறித்தனம், மனசு வச்சா செய்யலாம்" என்ற ஏச்சு. மற்றது, "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி கடையில் கண்ட மாத்திரையை வாங்கி விழுங்குவது. முதலாவது நியாயமில்லை. இரண்டாவது ஆபத்து. உழைக்கிற தசைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் களைப்பு ஓய்வில் தீரும், எந்தக் களைப்புக்கு டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும் என்று நாமே பிரித்தறியலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூளையிலிருந்து விரல் வரைக்கும்

ஒரு கொழுந்தைக் கிள்ளுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு தோட்டமே இயங்குகிறது. மூளையைப் பெரிய துரை என்று வைத்துக்கொள்வோம். அவர் போடுகிற உத்தரவு முதுகெலும்புக்குள் இருக்கிற முண்ணாணுக்கு வருகிறது. அது கணக்கப்பிள்ளை. அங்கிருந்து நரம்பு வழியாகக் கைக்குப் போகிறது. நரம்புதான் கங்காணி. கடைசியில் வேலை செய்கிறவர்கள் தசை நார்கள்.

நரம்பும் தசையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலீன் என்ற இரசாயனப் பொருள் வெளிவந்து, அந்த இடைவெளியைத் தாண்டித் தசையைத் தட்டி எழுப்புகிறது. உடனே தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கல்சியம் வெளியே பாய்கிறது. அது பாய்ந்ததும் தசைக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன, தசை சுருங்குகிறது, விரல் மடங்குகிறது. கல்சியம் திரும்பவும் தன் அறைக்குள் போனதும் தசை தளர்கிறது. ஒவ்வொரு கிள்ளலுக்கும் இத்தனையும் நடந்தாகவேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கவேண்டும். மூளை எல்லாத் தசை நார்களையும் ஒரே நேரத்தில் வேலைக்கு இறக்குவதில்லை. இலேசான வேலைக்குச் சிறிய கூட்டங்களை மட்டும் அனுப்பும். அவர்கள் சோர்ந்ததும் இன்னும் ஆட்களைக் கூப்பிடும். அதனால்தான் பின்னேரத்தில் காலையில் செய்த அதே வேலை பாரமாகத் தெரிகிறது. காலையில் பத்துப் பேர் செய்த வேலைக்கு இப்போது இருபது பேர் தேவைப்படுகிறார்கள். மேலதிகமாக வருகிற பெரிய கூட்டங்கள் முரட்டு ஆட்கள். பலம் கூட, ஆனால் சீக்கிரம் களைப்பவர்கள். கை நடுங்குவதற்கும் இவர்கள் ஒரு காரணம்.

குறைந்தது உத்தரவா, ஆட்களா?

கொழுந்து குறைந்தால், குற்றம் கங்காணி பக்கமா, ஆட்கள் பக்கமா என்று கேட்போமல்லவா? தசை சோர்வதிலும் விஞ்ஞானிகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இத்தாலி நாட்டில் துரின் நகரத்தில் அஞ்சலோ மோசோ என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். களைப்பை அளப்பதற்கு அவர் ஒரு கருவி செய்தார். கையைப் பலகையில் கட்டிவிட்டு, நடுவிரலில் ஒரு கயிறு மாட்டி, அதில் எடையைத் தொங்கவிடுவார். இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை விரலை மடக்கி எடையைத் தூக்கவேண்டும். எவ்வளவு உயரம் தூக்கினார் என்பது புகை படிந்த காகிதத்தில் கோடாக விழும். கோடுகள் குறுகிக் குறுகி வந்து, கடைசியில் எவ்வளவு முயன்றாலும் விரல் அசையாது. 1891ஆம் ஆண்டு அவர் களைப்பைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆய்வுகூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. சிசிலித் தீவின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய ஏழைச் சிறுவர்களின் நிலையையும் அந்நூலில் எழுதினார்.

மோசோவோடு மஜ்ஜோரா என்ற வைத்தியர் வேலை செய்தார். ஒரு நாள் அவர் மணிக்கணக்காக உட்கார்ந்து மாணவர்களுக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்திவிட்டு வந்து, விரலால் எடையைத் தூக்கிப் பார்த்தார். வழமையாகத் தூக்குவதைவிட மிகக் குறைவாகவே தூக்க முடிந்தது. விரல் ஒரு வேலையும் செய்யவில்லை; களைத்தது மூளை. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இராத்திரி முழுக்கக் கண் விழித்த தாய்க்கும், கடன்காரனை நினைத்து உறங்காத தகப்பனுக்கும் அடுத்த நாள் கை ஓடாமல் போவது பொய்யில்லை. துரை பக்கத்து உத்தரவு பலம் குறைந்து வருகிறது.

1954ஆம் ஆண்டு இலண்டனில் மேர்ட்டன் என்ற ஆய்வாளர் மற்றப் பக்கத்தைக் காட்டினார். கட்டைவிரலை இயக்கும் தசையை முழுப் பலத்தோடு இறுக்கிக் களைக்கச் செய்தார். பிறகு நரம்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். பலம் கூடவில்லை! அதாவது கங்காணி எவ்வளவு சத்தம் போட்டாலும் பயனில்லை; ஆட்களே தளர்ந்துவிட்டார்கள். கையைப் பட்டியால் இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்திருந்தபோது, எவ்வளவு நேரம் ஓய்வு கொடுத்தாலும் பலம் திரும்பவில்லை. பட்டியை அவிழ்த்து இரத்தம் ஓடியதும்தான் திரும்பியது.

பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டும் உண்மை என்று காட்டியிருக்கின்றன. கடும் வேலையில் தசை முதலில் தளர்கிறது. நீண்ட நேர வேலையிலும், தூக்கமில்லாதபோதும், உடம்பு சூடேறியபோதும் மூளை பக்கத்து உத்தரவும் தளர்கிறது. "மனசு வச்சா செய்யலாம்" என்ற பேச்சுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

தசைக்குள் தேங்குவது என்ன?

தசையின் எரிபொருள் ஏ.டி.பி. என்ற பொருள். இது தசையில் சில செக்கன்களுக்குப் போதுமான அளவே இருக்கிறது. ஆகவே செலவாகச் செலவாக உடம்பு அதைத் திரும்பச் செய்துகொண்டே இருக்கவேண்டும். அதற்குச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சீனிச் சத்தும் கொழுப்பும், மூச்சிலிருந்து கிடைக்கும் ஒட்சிசனும் வேண்டும். வேலை கடுமையாகும்போது பொசுபேற்று என்ற கழிவு தசைக்குள் தேங்குகிறது; கல்சியம் வெளிவருவதும் குறைகிறது; இழைகளின் பிடி தளர்கிறது.

"லக்டிக் அமிலம் தேங்குவதால்தான் களைப்பு" என்று பாடசாலையில் படித்திருப்போம். 1907ஆம் ஆண்டு பிளெச்சர், ஹொப்கின்ஸ் என்ற இருவர் தவளைத் தசையில் செய்த ஆய்விலிருந்து அந்த எண்ணம் வளர்ந்தது. இப்போது அதை முழுக் காரணமாக யாரும் கொள்வதில்லை. லக்டேற்றை இருதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. வேலை முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அது பெரும்பாலும் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஆகவே இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பிடித்துக்கொண்டே இருப்பதுதான் மோசம்

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை எடுங்கள். கையை நேராக நீட்டி, அசையாமல் பிடித்திருங்கள். சில நிமிஷத்துக்குள் தோள் எரியும். ஆறிய பிறகு, அதே போத்தலை மேலும் கீழும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். வெகுநேரம் செய்யலாம்.

காரணம் இதுதான். தசை இறுகும்போது அதற்குள் ஓடும் இரத்தக் குழாய்களும் நெரிபடுகின்றன. தளரும்போது இரத்தம் மீண்டும் பாய்கிறது. இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்தால் தசைக்குச் சாப்பாடு கிடைக்கும். இறுக்கம் மட்டும் இருந்தால் பட்டினி. நம்முடைய முழுப் பலத்தில் பாதியை விடாமல் பிடித்திருந்தால் ஒரு நிமிஷம் அளவில்தான் தாக்குப்பிடிக்கலாம். மிகக் குறைந்த பலத்தில் என்றால் நெடுநேரம் பிடிக்கலாம்.

இதை நம் வேலையில் பொருத்திப் பாருங்கள். கொழுந்து எடுக்கும் விரல்கள் இறுகித் தளர்ந்து ஓடுகின்றன. ஆனால் கூடைக் கயிறு தலையில் இழுக்க, கழுத்தும் மேல்முதுகும் நாள் முழுக்கப் பிடித்தபடியே நிற்கின்றன. அதனால்தான் பலருக்கு விரலைவிடக் கழுத்துத்தான் முதலில் கடுக்கிறது. மொட்டைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறவர் பிடியை இன்னும் இறுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே கத்தி தீட்டுகிற ஐந்து நிமிஷம் வீண் நேரமில்லை. அது கைக்குக் கொடுக்கும் கூலி.

முற்றாகக் களைக்குமுன் ஆறுங்கள்

மஜ்ஜோரா இன்னொன்றும் கண்டுபிடித்தார். விரல் 30 தடவை எடை தூக்கி முற்றாகச் சோர்ந்துவிட்டால், பழைய பலம் திரும்ப 2 மணித்தியாலம் ஓய்வு வேண்டியிருந்தது. 15 தடவையோடு நிறுத்தினால்? பாதி வேலைக்குப் பாதி ஓய்வு, ஒரு மணித்தியாலம் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அவருக்கு அரை மணித்தியாலமே போதுமாக இருந்தது. களைத்த தசையைப் பிழிந்து எடுக்கும் கடைசிப் பங்குதான் உடம்பை அதிகம் உறிஞ்சுகிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது: ஒரே மூச்சில் முறிந்து வேலை செய்து பிறகு நெடுநேரம் விழுந்து கிடப்பதைவிட, இடையிடையே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆறுவது மேல். நிரை முடிந்து திரும்பும்போது கூடையை இறக்கி, கழுத்தை மெதுவாகத் திருப்பி, கையை உதறி, விரலை விரித்து மடக்கினால் போதும். இது நாள் நிறையைக் குறைக்கும் என்று பயப்படவேண்டாம். பின்னேரம் கை ஓடுவதற்கு இதுதான் முதலீடு.

ஏற்றத்தைவிட இறக்கம் ஏன் வலிக்கிறது?

"ஏறும்போது மூச்சு வாங்குது, எறங்கினா மறுநாள் தொடை பிடிக்குது" என்று பெரியவர்கள் சொல்வது சரியான பேச்சு. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. சுமையோடு இறங்கும்போது, தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கவேண்டியிருக்கிறது. அப்போது நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அந்த வலி ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமாகி, ஒரு கிழமைக்குள் தானாகத் தீரும். உடம்பு தசையை முன்னைவிடப் பலமாகக் கட்டிக்கொள்ளும். நீண்ட லீவுக்குப் பிறகு மலைக்குப் போகிறவர்களும், புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைகளும் முதல் நாட்களில் பாரத்தைக் குறைத்துத் தொடங்குவது நல்லது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் நாள்தோறும் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். வேலை விட்டதும் சாராயம் குடித்து "ஒடம்பு வலியைப் போக்குறது" என்பதும் ஏமாற்று. வலி மறக்கும், தசை ஆறாது, தூக்கமும் கெடும்.

இரத்தம் குறைந்தால் கொழுந்தும் குறையும்

இது நம் தோட்டங்களிலேயே நிரூபிக்கப்பட்ட உண்மை. எட்ஜர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இலங்கையின் பேராசிரியர் செனவிரத்னவும் மற்றவர்களும் சேர்ந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் செய்த ஆய்வு 1979ஆம் ஆண்டு பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. சிலருக்கு இரும்புச் சத்து மாத்திரையும், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொருவரும் எடுத்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், இரும்புச் சத்தால் இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை இறங்கியிருந்தவர்களிடம் இந்த மாற்றம் மிக அதிகமாகத் தெரிந்தது.

ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைத் தசைக்குச் சுமந்துகொண்டு போகிற பொருள். அது குறைந்தால் தசை பாதி மூச்சோடு வேலை செய்யவேண்டும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச்சோகை என்கிறோம். அந்த ஆய்வில் கூடக் கொழுந்து எடுத்த பெண்கள் ஒரு மாதத்துக்கு முன் சோம்பேறிகளாக இருந்து, பிறகு திருந்தியவர்களா? இல்லை! அவர்களுடைய இரத்தம் குறைந்திருந்தது, ஏறியது. அவ்வளவுதான். மலையிலும் வீட்டிலும் ஒரு பெண்ணை ஏசுவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வோம்.

தேத்தண்ணி உற்சாகம் தரும். அதிலுள்ள கஃபீன் களைப்பை உணரவிடாமல் தள்ளிப்போடும். ஆனால் சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துக் குடித்தால், சாயம் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஆகவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்பு, கௌபியோடு தேசிக்காய், நெல்லி, கொய்யா ஏதாவது சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உறிஞ்சப்படும். முடிந்தபோது முட்டை, நெத்தலி, ஈரல் சாப்பிடுங்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும், பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் ஒதுங்க இடமில்லை என்று எத்தனையோ பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உடம்பில் நீர் குறைந்தால் களைப்பு முந்தும், சிறுநீர்க் கடுப்பும் வரும். குடிக்கச் சொல்வது மட்டும் போதாது. வேலைத்தலத்துக்குக் கிட்ட மலசலகூடமும் குடிநீரும் இருக்கவேண்டும். இது கேட்டுப் பெறவேண்டிய வசதி; வெட்கப்பட்டு விடுகிற விஷயமல்ல.

இது சாதாரணக் களைப்பல்ல!

உழைப்பால் வரும் களைப்பு ஓய்வெடுத்தால், உண்டால், உறங்கினால் தீரும். அப்படித் தீராததைக் கவனிக்கவேண்டும்.

நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள அந்த நுண்ணிய இடைவெளியில் வரும் நோய் ஒன்று உண்டு. மயஸ்தீனியா என்பார்கள். காலையில் நன்றாக இருப்பவருக்குப் பின்னேரம் கண் இமை தொங்கும், பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியும், சாப்பாட்டை மெல்ல முடியாது. 1934ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மேரி வோக்கர் என்ற பெண் வைத்தியர் இந்த நோய்க்கு மருந்து பலிக்கிறது என்று காட்டினார். இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. பேய் பிடித்தது என்று அலையத் தேவையில்லை.

பூச்சிநாசினியும் அதே இடைவெளியைத்தான் தாக்குகிறது. ஓர்கனோபொசுபரசு வகை மருந்து உடம்பில் சேர்ந்தால், அந்த இடைவெளியில் அசற்றைல்கோலீன் அழியாமல் தேங்கி, தசையைச் செயலிழக்கச் செய்யும். இந்த நஞ்சு ஏறியவர் முதலில் தேறியதுபோலத் தெரிந்தாலும், ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகலாம். இதை 1987ஆம் ஆண்டு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான சேனாநாயக்கவும் கரலியத்தவும். ஆகவே மரக்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறவர்கள் கையுறை, முகமூடி அணியுங்கள். நஞ்சு பட்டவரை "சரியாப் போச்சு" என்று வைத்தியசாலையிலிருந்து அவசரப்பட்டுக் கூட்டி வரவேண்டாம்.

உடனே வைத்தியரிடம் போகவேண்டிய அடையாளங்கள்:

1. ஒரு பக்கக் கை கால் திடீரென்று பலமிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல். இதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது.
2. மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டம்.
3. கண் இமை தொங்குதல், இரட்டையாகத் தெரிதல்.
4. கடும் வேலைக்குப் பிறகு சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போதல்.
5. இரவில் விரல் மரத்து, பிடித்த பொருள் கைநழுவி விழுதல்.
6. சிறு ஏற்றத்திலும் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், கண் உட்புறம் வெளுத்தல்.
7. இரண்டு கிழமை ஓய்வாக இருந்தும் தீராத களைப்பு.

இவற்றில் ஆறாவது பெரும்பாலும் இரத்தச்சோகை. ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை தந்தால் சொன்ன காலம் வரைக்கும் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தவேண்டாம். அது மாத்திரையின் நிறம்தான். மாத்திரைகளைச் சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தாய்மார்களே, மலை வேலை முடிந்தாலும் உங்களுக்கு வேலை முடிவதில்லை. தண்ணீர், விறகு, அடுப்பு, துணி என்று இராத்திரி வரைக்கும் அதே கைதான் இயங்குகிறது. செலவான எரிபொருளைத் தசை நிரப்பிக்கொள்ள ஒரு நாள் வரை தேவைப்படும். அதற்கு வயிறார உணவும் கண்ணார உறக்கமும் வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்பது தியாகமாக இருக்கலாம். அடுத்த நாள் கைக்கு அது துரோகம். ஆண்களே, அந்த வேலையில் பாதியைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் பிள்ளைகளையும் பழக்குங்கள்.

கத்தி மழுங்கினால் தீட்டுகிறோம், கூடை கிழிந்தால் கட்டுகிறோம். கை சோர்ந்தால் அதற்கும் வேண்டியதைக் கொடுப்போம். இந்த மாதக் கிளினிக் நாளில் உங்கள் வீட்டுப் பெண்களின் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.